நகர்த்துவது எளிது, நிறுத்துவது கடினம்: ரயில் பற்றிய வாசகர் கேள்விகள்

ரயில் இன்ஜினை ஓட்டும் முறை பற்றியும், ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கும் பழைய இன்ஜின்கள், பெட்டிகள் ஆகியவற்றின் விசித்திரக் குணங்கள் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறோம்.

ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது. தண்டவாளம் போகிற பக்கம்தான் வண்டியும் போகும். அப்படியிருக்க லோகோ பைலட்டுக்கு இவ்வளவு நீண்ட பயிற்சி எதற்கு?
(அரக்கோணத்திலிருந்து ஒரு வாசகர்)

வண்டி எந்தப் பாதையில் செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்வது லோகோ பைலட்டின் வேலை இல்லை என்பது சரிதான். நிலையத்தில் பாயின்ட்டுகளை (வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்புகளை) அமைப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். வண்டியை நகர்த்துவதும் கடினமான காரியமில்லை. பழைய ஆல்கோ வகை டீசல் இன்ஜினில் வேகக் கைப்பிடிக்கு 8 நாட்ச்கள், அதாவது விசையைக் கூட்டும் படிகள், உண்டு. டபிள்யூஏபி-4 போன்ற பழைய மின்சார இன்ஜினில் 32 நாட்ச்கள். ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால் வண்டி வேகமெடுக்கும்.

பயிற்சி முழுவதும் அந்த வண்டியை மீண்டும் நிறுத்துவதற்காகத்தான். 24 பெட்டிகள் கொண்ட ஒரு விரைவு வண்டி ஆயிரம் டன்னுக்கும் மேல் எடையுள்ளது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ரயில் சிக்கனமாக ஓடுவதற்கும், எளிதில் நிற்க மறுப்பதற்கும் காரணம் இது ஒன்றே. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு அவசர பிரேக் போட்டாலும், அது நிற்பதற்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடிவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்து பிரேக் போடும் முறை இங்கே பயன்படாது. இன்னும் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்காக இப்போதே பிரேக் போட வேண்டும்.

அதற்குத்தான் சிக்னல்கள் படிப்படியாக எச்சரிக்கின்றன. இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலைக் கட்டுப்பட்ட வேகத்தில் கடக்கத் தயாராக வேண்டும். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வேண்டும். ஆனால் முன்னால் இருப்பது ஏற்றமா இறக்கமா, வளைவுக்கு அப்பால் சிக்னல் எந்தப் பக்கம் தெரியும், மழை பெய்தால் எந்த இடத்தில் சக்கரம் வழுக்கும் என்பதையெல்லாம் சிக்னல் சொல்லாது. எனவே ஒரு லோகோ பைலட் எந்தப் பகுதியிலும் முதலில் அனுபவமுள்ளவர்களுடன் பகலிலும் இரவிலும் பயணம் செய்து பாதையைக் கற்றுக்கொண்ட பிறகே அங்கே தனிப்பொறுப்பில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்படுகிறார். வேறு கோட்டத்தில் இருபது ஆண்டுகள் ஓட்டியவராக இருந்தாலும் புதிய பாதைக்கு அவர் மாணவர்தான். லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வதை நீங்கள் நடைமேடையிலிருந்து பார்த்திருக்கலாம். அது வெறும் சடங்கு போலத் தோன்றினாலும், ஒருவர் தவறாகப் பார்த்துவிட்டால் மற்றவர் திருத்துவதற்கு அதைவிட எளிய வழி இதுவரை அமையவில்லை.

சில வண்டிகள் நிலையத்தில் பூப்போல நிற்கின்றன. சில வண்டிகளோ நிற்கும் நொடியில் நம்மை முன்னே தள்ளிவிடுகின்றன. இது ஓட்டுபவரின் திறமையா, வண்டியின் குணமா?
(விருத்தாசலத்திலிருந்து ஒரு வாசகி)

இரண்டும்தான். பழைய பெட்டிகளில் சக்கரத்தின் ஓரப்பரப்பை அழுத்திப் பிடித்த பிரேக் கட்டைகள் வார்ப்பிரும்பால் ஆனவை. வார்ப்பிரும்புக்கு ஒரு விநோதமான குணம் உண்டு: வேகம் அதிகமாக இருக்கும்போது அதன் பிடிப்பு குறைவாக இருக்கும், வேகம் குறையக் குறையப் பிடிப்பு கூடிக்கொண்டே போகும், நிற்கப்போகும் கடைசிச் சில மீட்டர்களில் திடீரென்று மிகுந்துவிடும். பிரேக்கை ஒரே அளவில் போட்டுவைத்தால் வண்டி குலுங்கித்தான் நிற்கும். கைதேர்ந்தவர்கள் தொடக்கத்தில் பிரேக்கை அழுத்தமாகப் போட்டு, நிலையத்துக்குள் நுழைந்தபின் சிறிது சிறிதாகத் தளர்த்தி, நிற்கும் தறுவாயில் ஏறக்குறைய முழுவதும் விட்டுவிடுவார்கள். அடுப்படியில் பால் வைத்துக்கொண்டு பயணம் செய்யும் பேன்ட்ரி காரின் சமையல்காரர்களைக் கேட்டால், எந்த லோகோ பைலட்டின் கை எப்படிப்பட்டது என்று பெயர் சொல்லாமலே சொல்லிவிடுவார்கள்.

பின்னர் வந்த கலவைப் பொருள் கட்டைகளிலும், எல்எச்பி எனப்படும் இன்றைய புதிய வகைப் பெட்டிகளின் டிஸ்க் பிரேக்குகளிலும் இந்தக் குணம் பெருமளவு குறைந்துவிட்டது. பிரேக்கை அளவுக்கு மீறிப் போட்டால் வேறொரு சங்கடமும் நேரும். சக்கரம் உருளாமல் தண்டவாளத்தின்மேல் சறுக்கி, ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். ஏதேனும் ஒரு பெட்டிக்கு அடியில் மட்டும் வேகத்துக்கு ஏற்றபடி 'டக் டக் டக்' என்று சம இடைவெளியில் ஒலி கேட்டால், அது பெரும்பாலும் அப்படித் தேய்ந்த சக்கரத்தின் ஒலிதான்.

சிறுவயதில் மீட்டர் கேஜ் வண்டிகளில் போகும்போது, இன்ஜின் மாற்றிய நிலையங்களில் ஊழியர்கள் பெட்டி பெட்டியாக நடந்து அடியில் எதையோ இழுத்துக்கொண்டே போவார்கள்; 'உஸ்' என்று சத்தம் வரும். அது என்ன?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பழைய ரயில்பெட்டிகளின் குணங்களிலேயே மிகவும் சுவையானது இதுதான் என்பது எங்கள் எண்ணம். ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

அந்தப் பெட்டிகளில் இருந்தது வேக்குவம் பிரேக். பிரேக் கட்டையைச் சக்கரத்தின்மேல் அழுத்தியது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே. வண்டியின் நீளம் முழுவதும் செல்லும் ஒரு குழாயிலிருந்து இன்ஜின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் உள்ள உருளையில் ஒரு பிஸ்டன். அதன் மேலறையிலும் கீழறையிலும் சமமான வெற்றிடம் இருக்கும்வரை பிஸ்டன் தன் எடையால் கீழே கிடக்கும், பிரேக் விலகியிருக்கும். ஓட்டுநர் குழாய்க்குள் காற்றை அனுமதித்தால் அது கீழறைக்குள் மட்டும் புகும். மேலறைக்குச் செல்லும் வழியை ஒரு வால்வு அடைத்துவிடும். கீழே காற்றழுத்தம், மேலே வெற்றிடம் என்றாகி, பிஸ்டன் மேலேறிக் கட்டைகளை இழுத்துப் பிடிக்கும்.

இதன் சிறப்பு, குழாய் எங்கே அறுந்தாலும் பிரேக் தானாக விழும், அதாவது பிடித்துக்கொள்ளும் என்பது. அந்தப் பாதுகாப்பின் விலையை உலகம் அயர்லாந்தில் கற்றது. 1889 ஜூன் 12 அன்று ஆர்மா என்ற ஊருக்கு அருகே ஏற்றத்தில் திணறி நின்ற ஓர் உல்லாசப் பயண வண்டியைப் பணியாளர்கள் இரண்டாகப் பிரித்தனர். அந்த வண்டியிலும் வேக்குவம் பிரேக்தான் இருந்தது. ஆனால் அது குழாய் பிரிந்தால் தானாக விழாத வகை. பின்பகுதிப் பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியில் மோதின. 80 பேர் இறந்தனர். அதே ஆண்டில் பிரிட்டனில் பயணிகள் வண்டிகளுக்குத் தானியங்கித் தொடர் பிரேக் சட்டப்படி கட்டாயமாயிற்று.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். எல்லா இன்ஜின்களும் ஒரே அளவு வெற்றிடத்தை உருவாக்குவதில்லை. முதல் இன்ஜின் நல்ல நிலையில் இருந்து அதிக வெற்றிடத்தை உருவாக்கியிருந்தால், அந்த அளவு ஒவ்வோர் உருளையின் மேலறையிலும் தங்கியிருக்கும். புதிதாக வந்து மாட்டிய இன்ஜின் சற்றுத் தளர்ந்ததாக இருந்து, கீழறையில் அந்த அளவை எட்ட முடியாவிட்டால், மேலும் கீழும் சமமாகாது. பிரேக் பாதி பிடித்தபடியே நிற்கும். வண்டியைக் கிளப்பினால் கட்டைகள் சக்கரத்தோடு உரசிப் புகை கிளம்பும். எனவே ஊழியர்கள் ஒவ்வொரு பெட்டியாகச் சென்று, உருளையில் உள்ள ரிலீஸ் கம்பியை இழுத்து மேலறைக்குள் காற்றை விட்டார்கள். நீங்கள் கேட்ட 'உஸ்' அதுதான். அதன்பின் புதிய இன்ஜின் தன்னால் முடிந்த அளவுக்கு இரண்டு அறைகளையும் முதலிலிருந்து காலிசெய்யும்.

வேக்குவம் பிரேக்கின் வலு வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாண்ட முடியாது. கடல்மட்டத்தில் அந்த அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரச அளவு. அதிலும் நடைமுறையில் எட்ட முடிந்த வெற்றிடம் சுமார் 500 மில்லிமீட்டர்தான். மலைமேல் போனால் காற்றழுத்தமே குறைந்துவிடுவதால் பிரேக்கின் வலுவும் குறையும். நீளமான, கனமான வண்டிகளுக்கு இது போதாமல் போனதால் இந்திய ரயில்வே காற்றழுத்த பிரேக்குக்கு மாறியது. அதில் பிரேக் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் எப்போதும் நிரம்பியிருக்கும்; அழுத்தம் குறைந்தால் பிரேக் விழும். ஒன்றில் காற்று நுழைந்தால் ஆபத்து அறிவிப்பு, மற்றதில் காற்று வெளியேறினால் ஆபத்து அறிவிப்பு. அபாயச் சங்கிலியை இழுக்கும்போது நீங்கள் செய்வதும் அந்தக் குழாயில் ஒரு திறப்பை உண்டாக்குவதுதான். தக்க காரணமின்றி இழுத்தால் 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 141ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பழைய டீசல் இன்ஜின்கள் கிளம்பும்போது அவ்வளவு கரும்புகை கக்கியது ஏன்? சிறிது வேகமெடுத்ததும் உறுமல் சட்டென்று அடங்கி மறுபடி எழுவதையும் கவனித்திருக்கிறேன்.
(பொன்மலையிலிருந்து ஒரு வாசகர்)

நீங்கள் குறிப்பிடுவது டபிள்யூடிஎம்-2 வகையாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு; 1962இல் இறக்குமதியாகி, பின்னர் வாராணசியில் ஏராளமாகக் கட்டப்பட்டது; 16 சிலிண்டர்கள், 2,600 குதிரைத்திறன். பொன்மலையிலும் ஈரோட்டிலும் உள்ள டீசல் ஷெட்டுகளில் இவை நெடுங்காலம் பராமரிக்கப்பட்டன.

அதன் டர்போசார்ஜர் புகைபோக்கி வழியாக வெளியேறும் சூடான வாயுவால் மட்டுமே சுழன்றது. இன்ஜின் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வாயுவுக்கு வலுவில்லாததால் டர்போ சோம்பிக் கிடக்கும். லோகோ பைலட் நாட்ச்சை ஏற்றியதும் டீசல் உடனே கூடிவிடும். ஆனால் அதை எரிப்பதற்கு வேண்டிய காற்றை டர்போ வேகமெடுத்த பின்தான் தள்ள முடியும். இடைப்பட்ட நேரத்தில் பாதி எரிந்த டீசலே கரும்புகையாக மேலெழுந்தது. நாட்ச்களை நிதானமாக ஏற்றியவர்களின் இன்ஜின் குறைவாகப் புகைந்தது. அவசரக்காரர்கள் மேம்பாலத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கரி பூசினார்கள். பின்னால் வந்த, இஎம்டி என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் வடிவமைப்பிலான இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் டர்போவை இன்ஜினே பல்சக்கரங்கள் மூலம் சுழற்றுவதால் இந்தத் தாமதம் இல்லை.

உறுமல் அடங்கி எழுவதற்குக் காரணம் வேறு. டீசல் இன்ஜின் சக்கரங்களை நேரடியாகச் சுழற்றுவதில்லை. அது மின்சாரம் உற்பத்தி செய்ய, அந்த மின்சாரத்தில் சக்கர மோட்டார்கள் ஓடுகின்றன. வேகம் கூடும்போது அந்த மோட்டார்களின் மின்இணைப்பு ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற வேண்டும். மாறும் அந்தக் கணத்தில் மின்சாரத்தைக் குறைத்துவிட்டு மீண்டும் ஏற்றுவதால் உறுமல் தணிந்து எழுகிறது. கூர்ந்து கவனிக்கும் பயணிக்குச் சிறு குலுக்கலும் தெரியும்.

நிலையத்தில் மணிக்கணக்கில் நிற்கும்போதும் டீசல் இன்ஜினை அணைப்பதில்லையே, எண்ணெய் வீணாகாதா?
(நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி)

வீணாகத்தான் செய்கிறது. ஆனால் அணைத்தால் காற்று அமுக்கியும் நின்றுவிடும். பிரேக் குழாயில் அழுத்தம் மெல்லக் கசிந்துபோகும். கிளம்பும் முன் எல்லாவற்றையும் நிரப்பிச் சோதிக்க வேண்டும். அத்துடன் இன்ஜினை மறுபடி உயிர்ப்பிக்க அதன் மின்னாக்கியையே பேட்டரியின் துணையால் மோட்டாராகச் சுழற்ற வேண்டும். பழைய இன்ஜினில் பேட்டரி சோர்ந்திருந்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். அந்த அச்சத்தில் ஓடவிட்டார்கள்.

சென்னைப் புறநகர் மின்ரயிலில் ஓடும்போதே சில இடங்களில் விளக்கும் விசிறியும் சில நொடிகள் நின்று மீண்டும் வருகின்றன. பழைய விரைவு வண்டிகளில் விளக்கு மங்குவதும் இதனால்தானா?
(தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்)

இரண்டும் வேறு வேறு. மேலே செல்லும் 25,000 வோல்ட் கம்பிக்கு வெவ்வேறு துணைமின் நிலையங்களிலிருந்து மின்சாரம் வருகிறது; அடுத்தடுத்த பகுதிகள் மின்கட்டமைப்பின் வெவ்வேறு கட்டங்களை (ஃபேஸ்) சேர்ந்தவை. அவை ஒன்றோடொன்று தொட்டுவிடக் கூடாது என்பதால் நடுவே மின்சாரமே இல்லாத ஒரு சிறு துண்டு வைக்கப்பட்டிருக்கும். அதை நெருங்குகையில் பாதையோரப் பலகைகள் எச்சரிக்கும். ஓட்டுநர் மின்சாரத்தைத் துண்டித்து, வண்டி வந்த வேகத்திலேயே கடந்து, அப்பால் மீண்டும் இணைப்பார். அங்கே போய் வண்டி நின்றுவிட்டால் சொந்தமாக நகர வழியில்லை என்பதால், முன்கூட்டியே போதிய வேகம் எடுத்துக்கொள்வது அவர் பொறுப்பு. 1931இல் கடற்கரை–தாம்பரம் பாதை மின்மயமானபோது இருந்தது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அதில் கட்டங்கள் இல்லாததால் இந்தத் தொல்லையும் இல்லை. 1960களில் மாறுமின்சாரத்துக்கு மாறிய பிறகே இது வந்தது.

விரைவு வண்டிகளின் பழைய பெட்டிகளோ தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டன. அச்சோடு பெல்ட்டால் இணைத்த டைனமோ, வண்டி ஓடினால் மட்டும் பேட்டரியை நிரப்பும். வழியில் நெடுநேரம் நின்றாலோ, பெல்ட் அறுந்தாலோ, பேட்டரி கிழடாக இருந்தாலோ அந்தப் பெட்டி மட்டும் இருளத் தொடங்கும். பக்கத்துப் பெட்டி பளிச்சென்று இருக்கும்.

ஓட்டுபவர் தூங்கிவிட்டாலோ மயங்கிவிட்டாலோ என்ன ஆகும்?
(மதுரையிலிருந்து ஒரு வாசகி)

புறநகர் மின்ரயிலில் மோட்டார்மேன் தனியாக ஓட்டுவதால், அவருடைய கைப்பிடியை வண்டி ஓடும்போது அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் அவசர பிரேக் விழும். நெடுந்தூர இன்ஜின்களில் விழிப்புக் கருவி இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு ஓட்டுநர் நாட்ச், பிரேக், ஹாரன் எதையும் தொடாவிட்டால் முதலில் விளக்கு மினுக்கும், பின்னர் ஒலி எழும். அப்போதும் பொத்தானை அழுத்தாவிட்டால் கருவியே பிரேக் போட்டுவிடும். இத்தனை இருந்தும், தொடர்ந்து இரவுப்பணி பார்ப்பவரின் களைப்புக்குக் கருவி மாற்றாகாது என்றே நாங்கள் கருதுகிறோம். அரைத்தூக்கத்திலும் கை தன்னால் பொத்தானை அழுத்தப் பழகிவிடும்.

ஊட்டி மலை ரயிலில் இன்ஜின் பின்னால் இருந்து தள்ளுகிறதே, முன்னால் இருப்பதைப் பார்க்காமல் எப்படி ஓட்டுகிறார்கள்?
(கோவையிலிருந்து ஒரு வாசகர்)

மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே இன்ஜின் எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கத்திலேயே இருக்கும். ஏறும்போது பின்னால் இருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் அறுந்தாலும் பெட்டிகள் தனியே உருண்டுவிடக் கூடாது என்பதே காரணம். ஆர்மாவில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். ஏற்றம் சில இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற அளவில் இருப்பதால், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவே பல்வரிசைச் சட்டம் பதித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் வடிவமைத்த எக்ஸ் வகை இன்ஜினில் நான்கு நீராவி உருளைகள். உயரழுத்த உருளைகள் இரண்டும் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும்; அங்கே பயன்பட்டு வெளிவரும் நீராவி தாழ்வழுத்த உருளைகளுக்குச் சென்று பல்சக்கரங்களைச் சுழற்றும். சமதளத்தில் பல்சக்கரங்கள் ஓய்வெடுக்கும்.

முன்னால் பார்க்கும் வேலை பிரேக்ஸ்மேன்களுடையது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒருவர் கொடியுடன் நிற்பார். முதல் பெட்டிக்காரர் காட்டும் சைகை பெட்டி பெட்டியாகக் கடந்து பின்னால் உள்ள ஓட்டுநரை அடையும். பெட்டியின் பிரேக்கை இயக்குவதும் அவர்கள் பொறுப்பே. ஒரே வண்டியைப் பல கைகள் சேர்ந்து ஓட்டும் வழக்கம் நம் நாட்டில் இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது.

புதிய எல்எச்பி பெட்டிகளில் கிளம்பும்போது ஏன் உதறுகிறது? பழைய பெரம்பூர் பெட்டிகளே மேல் என்று தோன்றுகிறது.
(திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்)

பெரம்பூரில் 1955 முதல் கட்டிய பழைய பெட்டிகளைத் திருகு கப்ளிங்கால் இணைத்து, இருபக்க பஃபர்களும் (பெட்டி முனையில் உள்ள அதிர்வுதாங்கிகளும்) ஒன்றையொன்று அழுத்தும்வரை இறுக்குவார்கள். இடைவெளி இல்லாததால் இழுப்பு மென்மையாகப் பரவும். எல்எச்பியில் உள்ள மையக் கப்ளரில் சிறிது தளர்வான இடைவெளி இருப்பதால், ஒவ்வொரு பெட்டியாக இழுபட்டு உதறல் பின்னோக்கி ஓடும். முதல் நாட்ச்சில் சற்றுப் பொறுத்து, கப்ளர்கள் அனைத்தும் இழுபட்ட பின் விசையைக் கூட்டும் லோகோ பைலட்டின் வண்டியில் இது பெரிதாகத் தெரியாது. கப்ளர்களின் அதிர்வுதாங்கிகளும் பின்னாளில் திருத்தப்பட்டன.

ஆனால் பழையதே மேல் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. மோதல் நேர்ந்தால் பழைய பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். உயிரிழப்புகள் பெருகுவதற்கு அதுவே பெருங்காரணம். மையக் கப்ளர் அதைத் தடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. பழைய வகையின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் பெரம்பூர் ஆலையைவிட்டு வெளியேறியது.

பழைய இன்ஜின்களையும் பெட்டிகளையும் குழந்தைகளுக்குக் காட்ட எங்கே அழைத்துச் செல்லலாம்?
(ஆவடியிலிருந்து ஒரு வாசகி)

உங்களுக்கு அருகிலேயே, வில்லிவாக்கம் பக்கம் ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை) வளாகத்தில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1855இல் கட்டப்பட்ட இஐஆர்-21 என்ற நீராவி இன்ஜினைப் பெரம்பூர் லோகோ பணிமனையில் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது சிறப்பு நாட்களில் மட்டும் ஓட்டப்படுவதால், அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு செல்லுங்கள்.